பகலில் தூங்குகிறவர் வீடு

சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது வடிவு சொன்னாள், அந்த நகராட்சிப் பள்ளிக்கூடத்து டீச்சர் இன்றைக்கு மறுபடியும் வருவார்களாம், பிள்ளை ஆம்பலைச் சேர்க்கிறோமா, இல்லை இப்படியே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறோமா, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுங்க என்று. கோமதிநாயகம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் படுத்துவிட்டான். துண்டை மடித்துக் கண்மேல் போட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி ஒருக்களித்து, ராத்திரி முழுக்க மில்லில் நடந்த காலை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, தூங்குகிற மனுஷன் எப்படியெல்லாம் கிடப்பானோ அப்படியெல்லாம் கிடந்தான். தூக்கம் மட்டும்தான் வரவில்லை. அது இன்றைக்கு நேற்று வராமல் போனதில்லை. நூற்பு மில்லில் ராத்திரி ஷிப்டு என்றால் ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும், அறுந்த நூலைக் கண்ணால் தேடி விரலால் ஒட்டிக்கொண்டே போக வேண்டும், ஆயிரக்கணக்கான நூற்புக் கதிர்கள் சுற்றுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் வாய் திறந்து மூடுவதுதான் தெரியும். அந்த இரைச்சலுக்குள் நின்றபடியே கண் சொக்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தால் இந்த அமைதி, பஞ்சுப் பொதி மாதிரி நாலா பக்கமும் வந்து அடைக்கிற அமைதி, கண்ணை மூடவிடுவதில்லை. இதை வடிவிடம் சொல்ல முடியுமா. அவள் எத்தனை பாடுபட்டு இந்த அமைதியை உண்டாக்கி வைத்திருக்கிறாள். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் துணி. தயிர்க்காரம்மா வாசலில் கூவக் கூடாது, வந்து நின்றால் போதும். பாத்திரம் கழுவுவதைக்கூடக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக. சொந்தபந்தத்தில் யாராவது வந்தால் வாசலிலேயே கையமர்த்தி, அவுக தூங்குதாக என்பாள். அதில் ஒரு பெருமை இருந்தது அவளுக்கு. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது. ஆகவே முதல் நாள் தூங்குகிற மாதிரி கிடந்தான், மறுநாளும் கிடந்தான், பிறகு அது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது, சாயங்காலம் டீக்குடிக்கிற நேரத்துக்கு முன்னால் எப்படியோ கொஞ்சம் கண்ணயரும், அதை வைத்துக்கொண்டு அடுத்த ராத்திரியை ஓட்டிவிடுவான்.

முன்னறையை மறைக்கிற திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பாடம் ஆரம்பித்துவிட்டது. அங்கே பாடம் நடப்பது வாசலில் நிற்பவனுக்குத் தெரியாது. வடிவு மூச்சாலேயே கேட்பாள், பிள்ளை மூச்சாலேயே பதில் சொல்லும், பென்சில் சீவுகிற சத்தம் இரண்டுக்கும் மேலே கேட்கும். அவனுக்கு எல்லாம் கேட்டது. இரைச்சலில் வேலை பார்க்கிற காது, வீட்டில் மட்டும் இப்படி ஊசியாகிவிடும். மழை எப்படி வருகிறது என்று படித்தார்கள். கடல் சுடுமா என்று ஆம்பல் கேட்டாள், ஆவியாகணும்னா சுடணும்லா. சுடாது, வெயில்லயே ஆவியாகும் என்றாள் வடிவு. அப்ப நம்ம சொம்புத் தண்ணி ஏன் ஆவியாகல. ஆகும் ஆகும், நீ அடுத்ததை எழுது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, துண்டுக்குள்ளேயே அடக்கினான். எட்டு வயசு. இந்த வாய்தான். இந்த வாய்க்காகத்தான் எல்லாமே நடந்தது. போன தீபாவளிக்கு முந்தின வாரம் பள்ளிக்கூட வேன் வரவில்லை என்று பிள்ளையைக் கூட்டிவர அவனே பைக்கை எடுத்துக்கொண்டு போனான், இங்கிலீஷ் மீடியம், வாசலில் புல்தரை, யூனிஃபார்முக்கு டை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வகுப்பு முழுக்கக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறது, போர்டு பக்கத்தில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் உதட்டில் விரலை வைத்து நிற்கிறது. அவன் பிள்ளை. மிஸ் சிரித்த முகமாகத்தான் சொன்னாள், ‘காலையிலேருந்து நிக்கிறா சார், அப்படியாவது வாய் அடங்குதான்னு பார்ப்போமே.’ அந்த விரல் எச்சிலில் ஊறி வெளிறிப்போய் இருந்தது, குளத்தில் வெகுநேரம் கிடந்த விரல் மாதிரி. பைக்கில் முன்னால் உட்கார வைத்தான், ரயில்வே கேட் வரைக்கும் பிள்ளை விரலை எடுக்கவில்லை. எடும்மா என்று இவன் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அங்கே அனுப்பவில்லை. மில்லில் கேட்டவர்களுக்கெல்லாம் தலையை நிமிர்த்திச் சொன்னான், பிள்ளையை வாயைப் பொத்தி வளர்க்கிற இடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன் என்று. பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய ஒரு பத்திரிகையில் வந்திருந்தது, பெரிய ஊர்களில் பெற்றவர்களே வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிறார்களாம், அதற்கு ஒரு பேரும் இருக்கிறதாம், ஹோம் ஸ்கூலிங். வடிவுக்கு வாசித்துக் காட்டினான். அவள் பிளஸ் டூ வரை படித்தவள், முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள், ‘அவுக செஞ்சா ஹோம் ஸ்கூலிங். நம்ம செஞ்சா, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாம வச்சிருக்காங்கம்பாக.’ சொல்லிவிட்டு மறுநாளே பாயை விரித்துப் பாடத்தை ஆரம்பித்ததும் அவள்தான்.

அவன் ஏழாவதோடு நின்றவன். நின்றதற்குப் பெரிய கதையெல்லாம் கிடையாது. அம்மை போட்டது, மூன்று வாரம் போகவில்லை, உடம்பு தேறின பிறகும் போகவில்லை, அவ்வளவுதான். அவனே எதிர்பார்த்தான், யாராவது வருவார்கள், கிளாஸ் வாத்தியார் வருவார், இல்லாவிட்டால் கூடப் படிக்கிற பையன்களிடமாவது சொல்லிவிடுவார், எங்கலே அவன் என்று. காலை மணி அடிக்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது, எத்தனை நாள் என்பது ஞாபகமில்லை. யாரும் வரவில்லை. அதன் பிறகு படித்ததெல்லாம் அவனாகப் படித்தது, பேப்பர் கடையில், லைப்ரரியில், ஷிப்டு இடைவேளையில் பாத்ரூம் விளக்கு வெளிச்சத்தில். என்ன கிடைத்ததோ அது. நட்சத்திரம் எப்படிச் சாகிறது என்று தெரியும், பின்னக் கணக்கு தெரியாது. பின்னம் தெரியாது என்பதாவது தெரிகிறது, தெரியாது என்பதே தெரியாமல் உள்ளே எத்தனை ஓட்டை இருக்கிறதோ. சில நேரம் யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எதிராளி முகம் மாறும், எதிலோ கால் வைத்துவிட்டோம் என்று தெரியும், எதில் என்று தெரியாது. ஆம்பலுக்கும் இப்படி ஆகுமா. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தப்பாகச் சொல்லி, நாற்பது பேரும் சிரித்து, அதில் சரி எது என்பது தைத்து நிற்கும், அப்படி ஒன்றும் அவனுக்குத் தைக்கவே இல்லை. சங்கக் கூட்டத்தில் பேச எழுந்தால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். பேங்க் கவுண்டரில் வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்கக் கூச்சம். இதெல்லாம் புஸ்தகத்தில் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு. அந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் ஆம்பல் என்கிற பேரை ஆம்புலன்ஸ் ஆக்கிவிட்டார்களாம், இவள் வராந்தாவில் நடந்தால் பின்னால் ஊய் ஊய் என்று ஓடி வருவார்களாம். அதைச் சொல்லும்போது பிள்ளை சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவன்தான் அன்றைக்கு ஷிப்டில் நாலைந்து கதிரில் நூலை அறுந்தபடியே விட்டுவிட்டு மேஸ்திரியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான். எங்கேயும் அனுப்பாமல் இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். எங்கேயும் அனுப்பாமல் இருந்தால் அவள் இந்தத் திரைக்கு அந்தப் பக்கமே இருப்பாள். இந்த இரண்டாவது நினைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க அவனுக்கு விருப்பமில்லை. புரண்டு படுத்தான். தூங்குகிறவன் அவ்வப்போது புரள்வான்.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். ‘என்னம்மா, வீட்ல யாரு இருக்கா’ என்று ஒரு குரல், தெருவையே எழுப்புகிற குரல், சுவரில் மோதி இவன் துண்டுக்குள் வந்து விழுந்தது. வடிவு பதறிப் போய், ‘டீச்சர், டீச்சர், மெதுவா, அவுக தூங்குதாக’ என்பது கேட்டது. அதுதான் ஜெபக்கனி டீச்சர். போன தடவை வந்தபோது இவன் வீட்டில் இல்லை. ‘ஐயோ மறந்துட்டேன், மில்லுக்குப் போறவருல்லா’ என்று டீச்சர் குரலை இறக்கினாள், இறக்கின குரலே கொல்லை வரைக்கும் போகும். ‘எனக்கு மெதுவா வராதும்மா. இருபது வருஷமாக் கத்தியே காலம் ஓடிருச்சு. எங்க வீட்டுக்காரர்ட்ட உப்புக் கொண்டாங்கன்னு சொன்னாக்கூடச் சண்டை போடுதேன்னு நினைக்காரு.’ வடிவு சிரித்தாள். உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைகளைத் தெருத் தெருவாகக் கணக்கெடுக்கச் சொல்லி உத்தரவாம், திறக்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறதாம், இந்தத் தெருவில் பாக்கி இவள் ஒருத்திதானாம். கோமதிநாயகம் கேட்டுக்கொண்டு கிடந்தான். ஒரு பிள்ளையைத் தேடி ஒரு டீச்சர் இரண்டாம் தடவை வந்திருக்கிறாள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. இருந்தும் ஏதோ ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது, இப்படி வருவார்களா, வர முடியுமா, அப்போது, அவன் வாசலில் நின்றபோது மட்டும் ஏன் வரவில்லை. ‘வீட்லயே நல்லாத்தான் டீச்சர் சொல்லிக்கொடுக்கோம்’ என்றாள் வடிவு. ‘கொடுக்கீங்க, இல்லேங்கல. நீங்க அக்கறையாத்தான் கொடுப்பீங்க. எங்க, தாயி, ஒரு பக்கம் வாசி பார்ப்போம்.’

ஆம்பல் வாசித்தாள். குடையைத் தொலைத்த கரடிக் கதை. அவனுக்கு அது மனப்பாடம். மழை பெய்கிறது, கரடி வீடு வீடாகப் போய்க் கேட்கிறது, என் குடையைப் பார்த்தீர்களா, முயல் வீட்டில் கேட்கிறது, ஆமை வீட்டில் கேட்டால் அது, எனக்கு எதற்குக் குடை என்கிறது. அந்த இடத்தில் பிள்ளை ஆமைக்கென்று ஒரு குரல் வைத்திருந்தாள், மூச்சிலேயே கொஞ்சம் கட்டையாக. அது வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தான். ‘கேக்கலையே. சத்தமா வாசி’ என்றாள் டீச்சர். மறுபடி வாசித்தாள். ‘இன்னுங் கொஞ்சம்.’ மறுபடி. அதே மூச்சு. தாளைக் கரையான் அரிக்கிற மாதிரி. பிறகு டீச்சர் நிஜமாகவே குரலை இறக்கிவிட்டாள், ‘ஏம்மா, பிள்ளைக்குத் தொண்டையில ஏதும் கோளாறா. டாக்டர்ட்டக் காட்டினீங்களா.’ ‘சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்’ என்று வடிவு சிரிக்கப் பார்த்தாள், ‘அவுக தூங்குவாகள்லா, அதான் மெதுவாப் பேசிப் பழகிட்டா.’ ‘சரி, அவரு ராத்திரி வேலைக்குப் போன பெறகு?’ வடிவு கைவளையலை உருட்டுகிற சத்தம் வந்தது. ‘வெளிய, கடைக்கண்ணிக்குப் போனா, மத்த பிள்ளைககூட விளையாடும்போது?’ ‘அப்பமும் இப்படித்தான்’ என்றாள் வடிவு, யாரோ புதிதாக அவளிடம் சொன்ன சேதியை எடுத்துச் சொல்வதுபோல. ‘அப்பமும் இப்படித்தான் பேசுதா.’

துண்டின் இழைகளுக்கிடையில் வெளிச்சம் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. கோமதிநாயகம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக இந்தப் பிள்ளை எப்போது கத்தியது. யோசித்தான். பல்லி விழுந்தபோதா. இல்லை, அப்போது ஓடிவந்து வடிவு சேலையைப் பிடித்து இழுத்தாள், வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் ராட்டினம் சுற்றினபோது எல்லாப் பிள்ளையும் அலற, இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் திறந்திருந்தாள், தைரியமான பிள்ளை என்று அவன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான். சொன்னானே, அட. மில் மாதிரிதான், வாய் திறந்து மூடுவது தெரியும். அந்த மிஸ் அரை நாள் நிற்க வைத்தாள். இவன் ஒரு அதட்டல்கூடப் போடவில்லை, ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை, பாயில் சும்மாதான் கிடந்தான். அதுவும் தூங்காமல். தூங்கியிருந்தாலாவது தூக்கத்துக்காக என்று ஆகியிருக்கும். இந்த இடத்தில் நினைப்பு நின்றுவிட்டது, நூல் அறுந்த கதிர் வெறுமனே சுற்றுகிற மாதிரி அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, ஒட்டலாம் என்று கை நீட்டினால் நுனி அகப்படவில்லை. அந்தப் பக்கம் வடிவு கேட்டுக்கொண்டிருந்தாள், உங்க பள்ளிக்கூடத்துல வாய்ல விரல் வச்சு நிறுத்துவீங்களா டீச்சர், அதுக்குத்தான் அங்கேருந்து நிப்பாட்டினது. டீச்சர் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். ‘பொய் சொல்ல மாட்டேம்மா. நாற்பது பிள்ளைக, ஒரு ரூமு. வாய்ல விரலை வைங்கம்பேன். ரெண்டு நிமிஷம் வைக்கும், பெறகு நாற்பதும் சேர்ந்து முன்னைவிடக் கூடுதலாக் கத்தும். இவ வந்தா அந்த ஒரு மூலையாவது எனக்கு நிம்மதி’ என்று சிரித்தவள், சிரிப்பை நிறுத்திவிட்டு, ‘அப்படி நிம்மதி குடுக்கப்படாது பிள்ளை, இந்த வயசுல’ என்றாள். ‘அவரை எழுப்புங்களேன். ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போயிருதேன்.’ வடிவு, ‘நான் எழுப்பினாத் திட்டுவாக, நீ போயி அப்பாவைத் தொட்டுப் பாருட்டி’ என்றாள்.

திரைச்சீலை விலகுகிற காற்று காலில் பட்டது. வந்து நிற்கிறாள். கோமதிநாயகம் மூச்சை இழுத்து விட்டான், இழுத்து விட்டான், தூங்குகிறவன் விடுகிற மூச்சு. எழுந்து போனால் டீச்சர் கேட்பாள், என்ன சார் சொல்லுதீங்க என்று. என்ன சொல்வது. நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன் என்றா. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பாய் சுருட்டிக் கிடக்கும், இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இருக்காது, இத்தனை வருஷமாக எங்கெங்கோ பொறுக்கிச் சேர்த்ததையெல்லாம் இனி யார் பக்கத்தில் வைத்துக்கொள்வது. அனுப்ப மாட்டேன் என்று சொன்னால். இழுத்து விட்டான். பிள்ளை தொடவில்லை. வெகுநேரம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு காற்று மறுபடி காலில் பட்டது, அந்தப் பக்கம் மூச்சுக்குரல், ‘நல்லாத் தூங்குதாக.’ ‘சரி விடுங்க’ என்று டீச்சர் எழுந்தாள். ‘கலந்து பேசி முடிவு பண்ணுங்க. நான் இனி ஒரு தடவை வர முடியாதும்மா, அந்தப் பக்கத்துத் தெருவெல்லாம் பாக்கி கிடக்கு.’ வடிவு வழியனுப்ப வாசலுக்குப் போனாள். வாசலில் இருவரும் ஏதோ பேசிக்கொண்டு நின்றார்கள்.

திரைச்சீலை மறுபடி விலகியது. ‘டீச்சர் எந்திரிச்சுட்டாங்க’ என்றாள் ஆம்பல். ‘நீங்களும் எந்திரிக்கலாம்.’

அவன் துண்டை எடுத்தான். பிள்ளை முகத்தில் குற்றம் பிடித்த மாதிரி ஒன்றுமில்லை. மழை பெய்கிறது, குடை எடுத்துப் போங்க என்கிற மாதிரி நின்றாள்.

‘எப்படிட்டி தெரியும்?’

‘கணக்குன்னா அசையாமக் கிடப்பீங்க. கதை வாசிச்சா திரைக்கு அடியில உங்க கால் பெருவெரல் ஆடும். ஆமை வந்தா நல்லா ஆடும்.’

‘அம்மாட்டச் சொன்னியா?’

‘எதுக்குச் சொல்லணும்’ என்றாள். உட்கார்ந்து அவன் துண்டை எடுத்து மடித்தாள். ‘அந்தப் பள்ளிக்கூடத்துல சத்தமா வாசிக்கணுமாம். அங்க சத்தமா வாசிச்சா இங்க உங்களுக்குக் கேக்குமா?’

‘கேக்காது.’

‘அப்ப யாருக்கு வாசிக்க?’

அவன் பதில் தேடினான். எவ்வளவோ படித்த மண்டைக்குள் போய்த் தேடினான். பிள்ளை காத்துக்கொண்டிருந்தாள், அவசரமில்லாமல், காத்துப் பழகினவளாக. அவன் எழுந்தான். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முன்னறைப் பாயையும் கரடிப் புஸ்தகத்தையும் தாண்டி, வாசலுக்கு வந்தான். முற்பகல் வெயில் கண்ணில் அடித்தது, இந்த நேரத்து வெயிலை அவன் பார்த்து வெகு நாளாயிற்று. டீச்சர் ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள். வடிவு திரும்பிப் பார்த்து, ‘எந்திரிச்சுட்டீகளா’ என்று பதறினாள், டீச்சரும் கூடவே, ‘நான்தான் கத்தி எழுப்பிட்டேனோ சார், தூங்குதீங்கன்னு சொன்னாங்களே.’

‘தூங்கல’ என்றான். குரல் வரவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. ‘நான் தூங்கல டீச்சர். பகல்ல எனக்குத் தூக்கமே கிடையாது. சும்மா படுத்துக்கிடப்பேன். பிள்ளை பேரை எழுதிக்கிடுங்க.’

டீச்சர் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பேரை எழுதிக்கொண்டாள். மேற்கொண்டு கேட்காமல் இருக்கத் தெரிந்தவள். மைதானத்தில் முள் கிடக்கும், செருப்புப் போட்டு அனுப்புங்க, முதல் நாள் அழுதால் வாசலில் நின்று பார்க்காமல் போய்விடுங்க என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். வடிவு நின்ற இடத்திலேயே நின்றாள். அவனைப் பார்த்தாள். கதவிடுக்கில் சொருகியிருந்த துணியைப் பார்த்தாள். குனிந்து அதை உருவி எடுத்தாள். அவள் என்ன சொல்வாள் என்று அவன் காத்திருந்தான், எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக.

‘தூக்கமே கிடையாது’ என்றாள் வடிவு. ‘அப்ப நான் அம்மியில அரைச்சுக் கையொடிஞ்சு கெடக்கது எதுக்கு? மிக்சி ஒண்ணு துணி மூடிக்கிட்டு உக்காந்திருக்கே, உங்களுக்குப் பாடம் கேக்கவா?’

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள். அடுக்களையில் மூடியைத் திறந்து தேங்காயை அள்ளிப் போடுவது கேட்டது, பிறகு மிக்சி ஓட ஆரம்பித்தது, வீடு முழுக்க, சுவர், கூரை, தண்ணீர்ச் சொம்பு எல்லாம் சேர்ந்து இரைந்தது. அவன் முன்னறைப் பாயில் உட்கார்ந்தான். ஆம்பல் எதிரே வந்து உட்கார்ந்து, விட்ட இடத்தைத் தேடி எடுத்து, புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள். உதடுகள் அசைந்தன. கரடி எந்த வீட்டு வாசலில் நிற்கிறது, ஆமை வந்துவிட்டதா என்று அவனுக்குக் கேட்கவில்லை. வடிவு மிக்சியை வேண்டுமென்றே நெடுநேரம் ஓட்டினாள். அவன் நிறுத்தச் சொல்லவில்லை.